அருவி தெரிகிற ஓட்டை

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு விஷயம் வந்து சேர்ந்த பிறகுதான் புரியும். சாரல் காலத்தில் இங்கே துணி காயாது. காலையில் பிழிந்து கொடியில் போட்ட வேட்டி சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நனைந்திருக்கும். பாறையில் விரித்தாலோ குரங்கு தூக்கிக்கொண்டு போய் மரத்து உச்சியில் உட்கார்ந்து தானே உடுத்திப் பார்க்கும். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மாற்றுத்துணி ஒன்றோடு வந்துவிட்டு, ஈர வேட்டியோடு பல் கிட்டிக்க நிற்கிற பெரிய மனிதர்களை என் எண்ணெய்க் கடையில் இருந்தபடி எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்ததோடு சரி. அதில் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. முத்துவடிவுக்குத் தோன்றியது.

நான் வள்ளித்தாய். பேரருவிக்குப் போகிற பாதையில் நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் விற்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். சொல்லட்டும். கூட்டத்துக்கு நடுவில் கடை போட்டவள் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விற்காத எண்ணெயைத் தானே தேய்த்துக் குளிக்க வேண்டியதுதான்.

முத்துவடிவின் புருஷன் இசக்கியப்பன் என் கடை எண்ணெயை வாங்கித்தான் அருவிக்கரையில் ஆட்களுக்குத் தேய்த்துவிடுவான். நல்ல கை. ஒரு தடவை அவனிடம் முதுகைக் கொடுத்தவர் மறு வருஷம் வந்து இறங்கியதும் அருவியைக் கேட்கமாட்டார், இசக்கியப்பன் இருக்கிறானா என்றுதான் கேட்பார். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் மலையிலிருந்து உருண்டு வந்த மரத்துண்டு அருவியோடு விழுந்து அவன் வலது தோளை உடைத்தது. கட்டுப் போட்டார்கள், பற்றுப் போட்டார்கள். தோள் ஒட்டிக்கொண்டது. கைக்குத்தான் உயிர் திரும்பவில்லை.

அவனுடைய அண்ணன் செல்லச்சாமி அச்சன்புதூரில் வயல் வைத்திருந்தார். வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார். "ரெண்டு பேரும் அங்கன வந்திருங்க. ஒத்தக் கையாலே வரப்புல நின்னு காவல் பாத்தாப் போதும்" என்றார். இசக்கியப்பன் தலையை ஆட்டினான், போகவில்லை. என்னிடம் மட்டும் காரணம் சொன்னான். "அருவிச் சத்தம் கேக்காட்டா எனக்குத் தூக்கம் வராது வள்ளியக்கா." எனக்கு ஆத்திரம் வந்தது. சோற்றுக்கு வழியைக் காணோம், இவனுக்குத் தாலாட்டு வேண்டியிருக்கிறது!

அந்தத் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் முத்துவடிவு முதலில் பஞ்சாரத்தை எடுத்தாள். கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடைதான். அதற்குள் ஒரு சட்டியில் கரிக்கனலை வைத்து, மேலே துணியை விரித்துச் சூடாக்கி அவன் தோளில் வைப்பாள். ஒரு நாள் சாரலில், நடுங்குகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் அந்தப் பக்கமாகப் போனாள். முத்துவடிவு பிள்ளையின் சட்டையை வாங்கிப் பஞ்சாரத்தின் மேல் போட்டாள். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்தில் சட்டை காய்ந்துவிட்டது. அந்த அம்மாள் போய்த் தன் கூட்டத்தையே கூட்டி வந்தாள். அப்படித்தான் என் கடைக்கு எதிரே ஓர் ஓலைக் கொட்டகையில் அவள் பிழைப்பு தொடங்கியது.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஊரான் உடுத்த துணியைத் தொட்டு உலர்த்துகிற பிழைப்பா நம் வீட்டுப் பெண்ணுக்கு என்று வந்து வந்து பேசிவிட்டுப் போனார்கள். முத்துவடிவு வாதாடவே இல்லை. வந்தவர்களின் ஈரத் துண்டை வாங்கி உலர்த்திக் கொடுத்து அனுப்பினாள். அது போதாதா! வெதுவெதுப்பான துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எவன்தான் கோபத்தோடு போவான்?

அவளுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் சின்னச் சின்ன விஷயத்தில்தான். ஒரு குடும்பத்துத் துணிக்கும் இன்னொரு குடும்பத்துத் துணிக்கும் மாறிவிடாதபடி ஓரத்தில் கலர் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். சட்டையில் பித்தான் விழுந்திருந்தால் காய்கிற நேரத்தில் தைத்துவிடுவாள். கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். போட்டுக்கொள்ளும்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் துணி என்றால் கனலில் ஒரு கிள்ளு சாம்பிராணி. பிறகு ஒரு வருஷம் பார்த்துவிட்டு, காய்ந்த துணியைச் சூடு ஆறுவதற்குள் பொதிந்து எடுத்துக்கொண்டு அருவிக்கரைக்கே போக ஆரம்பித்தாள். குளிரில் ஒடுங்கிக்கொண்டு கரையேறுகிறவர் உடம்பில் அந்தச் சூடான வேட்டி படும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மாவையே கண்டது மாதிரி இருக்கும்.

சீசன் முடிந்தால் மற்றவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஐப்பசி கார்த்திகை மழையில் ஊர்க்காரர்களின் வற்றலையும் அப்பளத்தையும் அதே பஞ்சாரத்தில் உலர்த்திக் கொடுத்தாள். துணி ஒன்றுகூட வராத நாளிலும் சட்டியில் கனல் இருக்கும். "ஏட்டி, எவனுக்காகக் கரியை எரிக்கே?" என்று கேட்டேன். "ஒரு நாள் வந்து பாத்து, கனல் இல்லைன்னு போனவுக மறுநாள் வரமாட்டாகக்கா" என்றாள். ஒரு பஞ்சாரம் இரண்டாயிற்று. நாலைந்து வருஷத்தில் வரிசையாக அடுக்குகிற அளவுக்குப் பெருகியது. அதற்கு மேல் பெருகவில்லை. ஆனால் இரண்டு பேரும் பட்டினி கிடக்கவும் இல்லை.

இசக்கியப்பன் இடது கையால் விசிறுவான். அதுதான் அவன் வேலை. விசிறிக்கொண்டே அருவிக்கரையைப் பார்த்து, இப்போது எண்ணெய் தேய்க்கிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பான். "அங்கன பாருங்கக்கா, அவன் முதுகு பிடிக்க லட்சணத்தை! உளுந்த மாவு பெசையுதான்." நான் என் கடையிலிருந்து சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அவன் சிரிக்கமாட்டான். அந்தக் கரையைப் பார்க்கிற பார்வையில் அவனுக்குச் சிரிப்பு வராது.

இவர்கள் பிழைப்பதைப் பார்த்துத் தென்காசியில் மரக்கடை வைத்திருந்த தில்லைநாயகத்துக்கு ஆசை வந்தது. செங்கல் சுவர், தகரக் கூரை, நடுவில் பெரிய உலை, வாசலில் எழுத்துப் பலகை. கூலி இவர்கள் வாங்குவதில் பாதி. முதல் சீசனில் கூட்டம் அத்தனையும் அங்கே போய்விட்டது. முத்துவடிவின் கொட்டகையில் கனல் மட்டும் இருந்தது. அவள் அந்த வருஷம் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி விற்றுக் கரி வாங்கினாள். கையை நீட்டி என்னிடம் கேட்டதில்லை. நான் கொடுத்திருப்பேன், திட்டிக்கொண்டே கொடுத்திருப்பேன்.

ஆனால் தில்லைநாயகம் முதலாளி. உலை நிறையத் துணி சேர்ந்தால்தான் நெருப்புப் போடுவார். நாலு பேர் துணிக்காகப் பெரிய உலையை மூட்டினால் கட்டுப்படி ஆகாதே! அதுவரை ஜனங்கள் ஈரத்தோடு காத்துக்கிடக்க வேண்டும். காய்ந்த பிறகு கடயத்துக்காரர் வேட்டி கோவில்பட்டிக்காரர் இடுப்பில் இருக்கும். துணியெல்லாம் ஒரே விறகுப் புகை நாற்றம். இரண்டாவது சீசனில் ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். மூன்றாவது சீசனில் தில்லைநாயகம் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு மரக்கடையோடு நின்றுகொண்டார். நான் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்ச் சிதறு தேங்காய் போட்டேன். முத்துவடிவு போடவில்லை. "பாவம்க்கா, எவ்வளவு போட்டாகளோ" என்றாள். அவளுக்கு அடுத்தவர் நஷ்டமும் தன் நஷ்டம் மாதிரிதான்.

அதற்கு அப்புறம் சண்டை வந்தது. எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை எங்கள் கரிச்சட்டிக்கு வந்து சேரும் என்று யார் நினைத்தார்கள்? பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் பின்புறத்தில் ஆளுயரக் கரி உலையை மாட்டிவிட்டார்கள். கரிப்புகையில் பஸ் ஓடியது. ஓடியது என்று நான் சொல்கிறேன், ஏற்றத்தில் நாம்தான் இறங்கித் தள்ள வேண்டும். ஊரில் உள்ள கரியையெல்லாம் பஸ்ஸே தின்றது. மிச்சம் கிடைத்த கரி யானை விலை, குதிரை விலை. அந்த வருஷம் நான் முத்துவடிவிடம், "போதும்ட்டி, மூடிரு. செல்லச்சாமி அண்ணாச்சி வயலுக்கே போயிருங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் தென்காசி பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். விடிந்ததும் அங்கே பஸ்ஸின் உலையைக் கிளறிச் சாம்பலைக் கொட்டுவார்கள். அதில் பாதி வெந்த கரித்துண்டு கிடக்கும். சல்லடையை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாம்பலைச் சலித்து, நகக்கண் அளவு துண்டையும் விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்து வருவாள். முகமெல்லாம் கரி. பஸ்காரர்கள் முதலில் விரட்டினார்கள். மறுநாளும் போனாள். அவர்களுடைய காக்கிச் சட்டைகளை வாங்கி வந்து உலர்த்திப் பித்தான் தைத்துக் கொடுத்தாள். அப்புறம் அவர்களே சாம்பலை ஒதுக்கி வைத்தார்கள்.

அப்படிப் பொறுக்கிய கரியை வீணாக்க யாருக்கு மனசு வரும்? கொட்டகையின் நாலு பக்கமும் ஓலைத் தட்டிதான். சாரல் காற்று உள்ளே புகுந்து சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அவள் தட்டிக்கு உள்பக்கம் சாக்குகளைத் தைத்தாள். அதன் மேல் களிமண்ணைக் குழைத்து மெழுகினாள். கூரையின் இடுக்குகளிலும் மெழுகினாள். வாசலுக்கு இரட்டைச் சாக்குப் படுதா. உள்ளே நுழைந்தால் குளிருக்கு நடுவில் ஓர் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. முன்னே மூன்று சட்டிக் கரி தின்ற துணி இப்போது ஒரு சட்டியில் காய்ந்தது. அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. கல்யாணத்தில்கூட அப்படி இருந்திருக்கமாட்டாள்.

ஒரே ஒரு குறை. இசக்கியப்பன் உட்காருகிற இடத்தில், அவன் தலைக்கு நேராக, மண் மெழுக்கைச் சுரண்டி ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டான். அதன் வழியாக அருவி தெரியும். விசிறுவான், பார்ப்பான், விசிறுவான், பார்ப்பான். அதற்காக இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது.

"சூடெல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான் போகுது. அருவி என்ன இன்னிக்குப் புதுசாவா விழுது?"

"அதை நீ கேட்காதட்டி. நீ பாட்டுக்குத் தென்காசிக்குப் போயிருத. நான் நாள் முழுக்க உள்ள கெடந்து எதைப் பாக்க?"

அவள் சாக்கைத் திணிப்பாள். அவன் அவள் தலை மறைந்ததும் பிடுங்கிவிடுவான். எனக்கு அது நாடகம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்த ஆடி மாதம் சாரல் பிசாசு மாதிரி அடித்தது. கடையநல்லூரிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். பெரிய குடும்பம். பிள்ளைகளே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காணும். தங்கியிருந்த அத்தனை நாளும் குளியல்தான். ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குக் காலையில் எல்லாத் துணியும் மூட்டையாக முத்துவடிவின் கொட்டகைக்கு வந்தது. "சாயங்காலம் பஸ்ஸுக்குள்ள காய்ஞ்சிரணும் தாயி. காய்ஞ்சா அடுத்த வருசம் எங்க ஆளுக எல்லாரையும் உங்ககிட்ட அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் கரி குறைவாக இருந்தது. இருந்த கரியையெல்லாம் எல்லாச் சட்டிகளிலும் பிரித்துப் போட்டு மூட்டிவிட்டு, மேற்கொண்டு வேண்டுமே என்று அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது அவனிடம் சொன்னதை நான் என் கடையிலிருந்து கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாள் அந்த ஓட்டையத் திறக்காதிய. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். படுதாவையும் தூக்காதிய. இந்தத் துணி காய்ஞ்சுட்டா அடுத்த வருசம் நமக்குக் கவலையே இல்ல."

"சரிட்டி, திறக்கல. நீ போ."

"சொல்லுவிய. நான் அந்தப் பக்கம் போனதும் திறப்பிய."

"திறக்கமாட்டேன். நீ கால் வழுக்காம நடந்து போ."

வழக்கமாக அவள் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டே இருப்பாள். துணி கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் நிமிஷத்துக்கொரு தரம் படுதாவைத் தூக்குவார்கள். அன்றைக்கு அடித்த சாரலில் வேறு யாரும் வரவில்லை. என் கடைக்கும் ஓர் ஆள் இல்லை. நான் எண்ணெய்ப் பானைகளை மூடிவிட்டு உள்ளே ஒடுங்கிக் கிடந்தேன். எதிரே அந்தக் கொட்டகை சமர்த்தாக மூடிக் கிடந்தது. அந்த ஓட்டைகூட அடைத்திருந்தது. பரவாயில்லையே, இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் முத்துவடிவு சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். கரி நனையாமலிருக்கத் தன் முந்தானையைச் சாக்கின் மேல் சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூடிய ஓட்டையைப் பார்த்து இன்னும் சிரித்தாள். படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அட, எல்லாம் காய்ஞ்சுட்டே!" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுடைய வாயிலிருந்து சந்தோஷமாக நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அடுத்து வந்தது அலறல். நான் ஓடினேன். அவன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கையில் விசிறி. தூங்குகிறவன் மாதிரித்தான் இருந்தான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அத்தனை வருஷ வியாதிக்காரன் முகம், அன்றைக்குத்தான் அவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தது. அதனாலேயே நாங்கள் உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டோம். தண்ணீர் தெளித்தோம். வெளியே இழுத்துப் போட்டோம். அவன் மார்பில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

சிலர் முனி அடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முனியும் இல்ல, சனியும் இல்ல. காத்துப் போக வழியில்லாம அடைச்ச இடத்துல இத்தனை கரிச்சட்டி கனிஞ்சிருக்கு. அதுலேர்ந்து வர்ற நஞ்சுக்குப் புகை கிடையாது, வாசனை கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அந்த ஓட்டையாவது திறந்திருந்தா ஆள் பிழைச்சிருப்பான்."

அவருக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னார். ஓட்டையில் இருந்தது சாக்கு இல்லை. இசக்கியப்பனுடைய தோள் துண்டு. குளிரும் சரியில்லாத கையுமாக இருக்கிறவன் அந்தத் துண்டை ஒரு பொழுதும் தோளிலிருந்து எடுக்கமாட்டான். அதைச் சுருட்டி, ஒரு கையாலேயே இறுக்கி இறுக்கித் திணித்திருந்தான். பிடுங்கும்போது எனக்கே பலம் போதவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை அவன் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் ஜவுளி வியாபாரி துணிக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். பிறகு வரேன் என்று திரும்பினார். முத்துவடிவு எழுந்தாள். உள்ளே போனாள். சூடு ஆறாத அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். பிள்ளைகள் துணி தனியாக, பெரியவர்கள் துணி தனியாக. ஒரு சின்னச் சட்டையில் பித்தான் இல்லாததைப் பார்த்து ஊசியைத் தேடினாள். அப்போதுதான் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வியாபாரி வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார்.

அதை வைத்துத்தான் ஊர் பேசியது. புருஷன் பிணமாகக் கிடக்கும்போது ஊரான் சட்டையை மடித்தாளாம். ஒரு சட்டிக் கரியை மிச்சம் பிடிக்கப் போய்ப் புருஷனைக் கொன்றாளாம். சொன்னவர்கள் அத்தனை பேரும் மாடு வைத்து உழுகிறவர்கள், அறுப்பு வந்தால் மூட்டை கணக்கில் வீட்டுக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு சட்டிக் கரி என்றால் ஒரு சட்டிக் கரிதான். சின்னக் கடை பிழைப்பது எதில் என்று நினைத்தார்கள்? தில்லைநாயகத்தின் தகரக் கூரை போனபோது அவள் நின்றாளே, எதில் நின்றாள்? நூல் முடிச்சில், பித்தானில், பஸ் சாம்பலில் பொறுக்கிய கரியில். எல்லாம் ஒரு சட்டி, அரைச் சட்டி மிச்சம்தான். அதில் எது காப்பாற்றும், எது கொல்லும் என்று எந்த மிச்சத்தின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறது? பேசியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதைச் சொல்லும்போதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காரியம் முடிந்ததும் செல்லச்சாமி அண்ணாச்சி அவளை அச்சன்புதூருக்குக் கூட்டிப் போனார். நல்ல மனுஷர், ஒரு சொல் குத்திப் பேசவில்லை. கொட்டகை பூட்டிக் கிடந்தது. பூட்டு என்ன பூட்டு, படுதாவை ஒரு கயிற்றால் கட்டியிருந்தது. அந்த மார்கழியில் மண் மெழுக்கெல்லாம் வெடித்து உதிர்ந்தது. இனி அவள் வரமாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்த அன்று, காலையில் கடை திறக்க வந்தால் எதிரே கனல் தெரிகிறது. வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏட்டி, அங்கன ஒரு வேளைச் சோறு போடமாட்டேன்னா சொன்னாக?"

"போட்டாகக்கா. நல்லாத்தான் வச்சிருந்தாக."

"பின்ன எதுக்கு வந்தே?"

அவள் சட்டியை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "அங்கன அருவிச் சத்தம் கேக்கலக்கா."

கொட்டகையை அவள் பழையபடி மெழுகினாள். சாக்கும் தைத்தாள். ஆனால் அந்த ஓட்டை இப்போது ஒரு சாண் இல்லை. ஓர் ஆளின் தலையும் தோளும் தெரிகிற அளவுக்கு அறுத்துவிட்டாள். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்குமோ அந்தப் பக்கம். கனலுக்குப் பக்கத்திலேயே காற்று வந்து விழும். முன்னே ஒரு சட்டியில் காய்ந்தது மறுபடியும் மூன்று சட்டி கேட்டது. பொறுக்கிய கரி போதாமல் விலைக்கும் வாங்கினாள். நகக்கண் அளவு கரியைச் சாம்பலில் தேடுகிறவள், இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் முன்னைவிட இறுக்கிப் பிடித்தாள். தன் சோற்றில் ஒரு வேளையைக் குறைத்தாள். அந்த ஒரு வேளை அந்த ஓட்டை வழியாகப் போயிற்று.

கடையநல்லூர் வியாபாரி சொன்னபடியே ஆட்களை அனுப்பினார். கடை நின்றுவிட்டது. வருகிறவர்கள் அந்தத் திறப்பைப் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தில் யோசனை சொல்வார்கள். "அதை அடைச்சா சீக்கிரம் காயுமேம்மா." அவள், "கொஞ்சம் பொறுங்க ஐயா, காய்ஞ்சிரும்" என்பாள். விசிறுவது இப்போது அவள்தான். இடது கையால் விசிறுவாள். வலது கை நன்றாக இருக்கும்போது எதற்கு இடது கை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருஷ ஆடியில் ஒரு நாள் சாரலும் காற்றுமாக ஊரே வெலவெலத்தது. அவளுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். எதிரே பார்க்கிறேன், திறப்பு வழியாகச் சாரல் நேராக அவள் முதுகில் அடிக்கிறது. பஞ்சாரத்துத் துணியும் நனைகிறது. அவள் நகரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று திட்டிக்கொண்டே என் கடைச் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வெளியிலிருந்தபடியே அந்தத் திறப்பில் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு முனையையும் தட்டியில் செருகினேன்.

அவள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். கோபப்படவில்லை. நடுங்கிக்கொண்டே சாக்கைக் கழற்றினாள். அதை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அடைக்காதியக்கா" என்றாள். "அவுகளுக்கு மூச்சு முட்டும்."